கடைசி வரியில் ஒரு கும்பிடு

அன்புள்ள சேவியர் அத்தானுக்கு,

உங்களுக்கான முப்பதாம் நாள் நினைவுப் பூசை முடிந்தது. அக்கா தேறிவருகிறாள், மாத்திரையை மட்டும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. பட்டாபிராம் வீட்டில் ஒழுகிக்கொண்டிருந்த தண்ணீர்த் தொட்டியை அடைத்தாயிற்று. ஆனால் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. உங்கள் கம்பெனியிலிருந்து அக்காவுக்கு ஒரு கடிதம் வந்தது.

இது என் பத்திரிகையில் வரப்போகிறது, உங்களைத் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். திருமழிசைத் தொழிற்பேட்டையில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் நீங்கள் கடிதம் எழுதுகிறவர். பெரிய முதலாளி தமிழில் நாலு வார்த்தை சொல்வார். நீங்கள் அதை ஆங்கிலத்தில் ஒரு பக்கத்துக்குத் தட்டச்சு செய்வீர்கள். ‘தங்கள் மேலான கடிதம் கிடைக்கும் பேறு பெற்றோம்’ என்று தொடங்கி, ‘தங்கள் மிகவும் கீழ்ப்படிதலுள்ள ஊழியர்களாக இருக்க உத்தரவு வேண்டி நிற்கிறோம்’ என்று முடியும். நடுவில் எங்கேயாவது சரக்கு பற்றி ஒரு செய்தி இருக்கும்.

அந்த ஆங்கிலம் எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை கேட்டேன். தட்டச்சுப் பள்ளியில் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தவராம். அவர்கள் கப்பலேறிப் போனார்கள், ஆங்கிலம் அவரிடம் தங்கிவிட்டது, அவரிடமிருந்து உங்களுக்கு வந்தது. அங்கே அவர்கள் மொழி மாறிக்கொண்டே போனது. திருமழிசையில் அது அப்படியே நின்றது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சின்ன முதலாளி வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். உங்கள் கடிதம் ஒன்றைக் கையில் எடுத்து, “இது இன்னா சேவியர், அஞ்சாம் தேதி இன்ஸ்டன்ட்? காபியா?” என்றார். இந்த மாதம் ஐந்தாம் தேதியைத்தான் அப்படி எழுதுவது என்று நீங்கள் விளக்கினீர்கள்.

“அங்க ஒருத்தனும் இப்டி எழுதறதில்ல.”

“அங்க இல்லாட்டி இன்னா சார், இங்க நாம இருக்கோமே.”

அவர் சிரிக்கவில்லை. திங்கட்கிழமை புது மாதிரியில் ஒரு கடிதம் வரவேண்டும், இல்லாவிட்டால் ஸ்டோர்ஸில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, அங்கே போய் நட்டு போல்ட் எடுத்துக்கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கடிதத்தோடு என்னிடம் வந்தீர்கள். பத்திரிகைக்காரன் வெட்டத் தெரிந்தவன் என்று நம்பி வந்தீர்கள். சிவப்புப் பென்சிலால் வெட்டினேன். மேலான கடிதம் போனது, பேறு போனது. ‘வார்ப்படம் தாமதமாகிறது. வெள்ளிக்கிழமை அனுப்புகிறோம்’ என்பது மட்டும் நின்றது. எல்லாவற்றுக்கும் தலையாட்டிய நீங்கள், கடைசி வரிக்கு வந்ததும் என் கையைப் பிடித்தீர்கள்.

“டேய், ஒருத்தர் ஊட்டுக்குப் போறோம். பேசி முடிச்சிட்டு கும்புடு கூட போடாம எய்ந்து வர்றதா?”

“அத்தான், இது ஊடு இல்ல. லெட்டர்.”

அடுக்களையிலிருந்து அக்கா, “ரெண்டு பேரும் சாப்ட்டுட்டு சண்ட போடுங்க, கொழம்பு ஆறுது” என்றாள். சாப்பிட்ட பிறகு அந்த வரியையும் வெட்டினேன். நான் செய்தது தவறு என்று இன்றும் நினைக்கவில்லை. சின்ன முதலாளிக்குக் கடிதம் பிடித்திருந்தது. உங்கள் நாற்காலி உங்களுக்கே என்றார்.

கடிதம் கோயம்புத்தூருக்குப் போனது. அங்கே பம்புசெட் செய்கிற ஒரு பெரியவர், உங்கள் கடிதங்களையே வருடக்கணக்காகப் படித்தவர். கிடைத்த அன்றே போன் போட்டார்.

“என்னங்க, எங்க மேல ஏதாச்சும் வருத்தமுங்களா? சரக்க வேற எடத்துல பாத்துக்கோன்னு சொல்ற மாதிரி இருக்குதுங்களே. சேவியர் தம்பிக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?”

கோபமெல்லாம் ஒன்றுமில்லை என்று சின்ன முதலாளி நெடுநேரம் அவரைச் சமாதானப்படுத்தினாராம். பிறகு உங்களைக் கூப்பிட்டு, “அவருக்கு மட்டும் பழைய மாதிரியே எழுதிடுங்க” என்றார். வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்த அட்டெண்டர் முனுசாமி, “அண்ணாத்தே, உன் கும்புடு பொயச்சிக்கிச்சு!” என்று கத்தியதை நீங்கள் எத்தனை முறை சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள்!

அதன்பிறகு நீங்கள் இரண்டு ஆங்கிலம் எழுதினீர்கள். புதிய ஆட்களுக்கு இரண்டு வரி. கோவைக்காரரைப் போலப் பழகிப்போன சிலருக்கு ஒரு பக்கம். அந்தச் சிலரில் ஒருவர் தொழிலை விட்டார், ஒருவர் மகனிடம் ஒப்படைத்தார். மகன்களுக்கு நேரமில்லை. தட்டச்சு இயந்திரம் போய்க் கம்ப்யூட்டர் வந்தது. கடைசியாகக் கோவைப் பெரியவரும் இறந்தார். அன்று மாலை நெமிலிச்சேரி ஸ்டேஷனில் என்னைப் பார்த்ததும் நீங்கள் சொன்னது ஒன்றுதான்: “இனிமே கும்புட ஆளில்லடா.” வருத்தமாகச் சொன்னீர்களா, வேடிக்கையாகவா? எனக்குப் பிடிபடவில்லை. ரயில் வந்தது, ஏறிவிட்டோம்.

இனி அந்தக் கடிதத்துக்கு வருகிறேன். கம்ப்யூட்டரில் அடித்தது. ‘சேவியரின் மறைவுக்கு வருந்துகிறோம். அவருடைய பொருள்கள் எங்களிடம் உள்ளன, பெற்றுக்கொள்ளவும். ரிகார்ட்ஸ்.’ வணக்கத்துக்கு அந்த ஒரு சொல்தான். நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அக்கா தாளை வாங்கி, பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

“அவ்ளோதானாடா?”

“அவ்ளோதான்க்கா. இப்பல்லாம் இப்டித்தான் எழுதறாங்க.”

“அவரு இருந்திருந்தா, அவருக்கே நல்லதா ஒண்ணு எழுதிக் குடுத்திருப்பாரு.”

அந்தக் கடிதத்தில் பிழை எதுவும் இல்லை. செய்தி இருந்தது, தெளிவாக இருந்தது. என் மேசைக்கு வந்திருந்தால் நானும் அப்படித்தான் விட்டிருப்பேன். அப்படியானால் அக்கா பின்பக்கத்தில் எதைத் தேடினாள்?

பதில் போடவேண்டும், நம் பக்கம் மரியாதை குறையக்கூடாது என்று அவள் சொல்லிவிட்டாள். உங்கள் மகள் ஸ்டெல்லா வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் சென்டரில் அவளை ஆங்கிலத்தில் அடிக்கச் சொல்லிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். நன்றி, சனிக்கிழமை வந்து பொருள்களைப் பெற்றுக்கொள்கிறோம் என்பதோடு முடிந்தது. கடைசி வரிக்கு வந்தேன். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அன்று வெட்டிய எனக்கே உங்கள் கும்பிடு மனப்பாடமாக இருந்தது. சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். திரையில் அந்த வரியின் கீழே பச்சையாக ஒரு கோடு நெளிந்தது.

“மாமா, இது தப்புன்னு காட்டுது.”

“தப்பில்லம்மா. வயசாயிடுச்சு, அவ்ளோதான். வுடு, இருக்கட்டும்.”

ஸ்டெல்லா வரியை இன்னொரு முறை படித்தாள். “அப்பா பேசற மாதிரியே கீது” என்று சொல்லி, அச்சு எடுத்தாள். அக்கா அதில் தமிழில் கையெழுத்துப் போட்டாள்.

செய்திகளை நான் இனியும் வெட்டத்தான் செய்வேன் அத்தான், அதுதான் என் தொழில். ஆனால் அக்கா கையெழுத்துப் போடும் எந்தக் கடிதத்தின் கடைசி வரியிலும் என் பென்சில் படாது. இது உங்களுக்கு நான் தரும் வாக்கு. இந்தக் கடிதத்திலிருந்தே தொடங்குகிறேன்.

தங்கள் மேலான அன்பு கிடைக்கும் பேறு பெற்று,
தங்கள் மிகவும் கீழ்ப்படிதலுள்ளவனாக இருக்க
என்றும் உத்தரவு வேண்டி நிற்கும்,
தங்கள் மைத்துனன்.