முதலாளி கேட்ட குறை

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் முதுகுவலி தேவலையா? விடுதி வார்டன் பார்த்தால் தொலைந்தேன். போர்வைக்குள் டார்ச் அடித்து எழுதுகிறேன். இன்று நடந்ததைச் சொல்லாமல் தூக்கம் வராது.

பாடம் படிக்கும் ஆப் ஒன்றைச் செய்து கோடீஸ்வரரான முதலாளி எங்கள் பள்ளிக்கு வந்தார். எங்களிடம் போனைக் கொடுத்து, "இதுல என்ன தப்பு?" என்று கேட்டார். எல்லோரும், "சூப்பர் சார்" என்றார்கள்.

நான் மட்டும், "அனுப்புற பொத்தானும் அழிக்கிற பொத்தானும் ஒட்டி இருக்கு சார். எழுதினதெல்லாம் போயிடுது" என்றேன். வார்டன் என்னை முறைத்தார். முதலாளியோ என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "இன்னொரு தடவை அமுக்கிக் காட்டும்மா. வேற என்ன?" என்றார். அவர் எப்படி ஜெயித்தார் என்று எனக்குப் பிடிபட்டுவிட்டது அம்மா! குறை சொன்னால் அவர் முகம் மலர்கிறது.

நீங்கள் தைத்ததை யாராவது குறை சொன்னால் ரெண்டு நாள் பேசமாட்டீர்கள். அதனால் இத்தனை நாள் பயந்து சொல்லவில்லை. பள்ளிக்கூடச் சட்டை அக்குளில் இறுக்குகிறது.

வார்டன் செருப்புச் சத்தம் கேட்கிறது. புதுச் சட்டையைத் தபாலில் அனுப்பிவிடாதீர்கள் அம்மா. நேரில் வந்து அளவெடுங்கள்.

உங்கள் மகள்