மிஷினுக்குக் குங்குமம் வைத்த அம்மா

சிரிப்பை அடக்கத் தெரியாத என் நைனாவுக்கு,

நீ இருந்திருந்தால் இந்தச் சேதியைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய். திருப்பதி ஆஸ்பத்திரியில் அம்மா ஒரு மிஷினுக்குக் குங்குமம் வைத்துவிட்டாள்! நீ போன பிறகு தன் நெற்றிக்கே வைத்துக்கொள்ளாதவள். முதலில் இருந்து சொல்கிறேன், கேள். ஊரும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நீ போய் ஆறு வருஷம் ஆகிறது. நகரியில் வெயில் அப்படியேதான் இருக்கிறது. தம்பி இப்போது எட்டு பவர்லூம் ஓட்டுகிறான். உன் மூன்றாம் நம்பர் தறி மட்டும் மற்ற ஏழையும் சேர்த்து அடக்குகிற மாதிரி சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறது. உன் குரல் அதற்குத்தான் போயிருக்கிறது என்று தம்பி சொல்வான்.

இந்த வருஷம் அம்மா ஒரு புதுப் பழக்கம் வைத்துக்கொண்டாள். மாடியில் துணி காயப்போடப் போனால் பாதிப் படியில் நின்றுவிடுவாள். ஏன் என்று கேட்டால், "செடிய பாத்துகினு நிக்கிறேன்டி" என்பாள். நம் வீட்டுப் படிக்கட்டில் எந்தச் செடி இருக்கிறது நைனா? காக்கா எச்சம்தான் இருக்கிறது.

இந்தப் பொய்யை அவள் யாரிடம் படித்தாள் என்று உனக்கே தெரியும். நீ போன அன்றைக்கு நெஞ்சைத் தேய்த்துக்கொண்டு, "வாயுடி, ஒரு சோடா குடிச்சா பூடும்" என்றாய். குடித்துவிட்டுத் தறிக்குத் திரும்பினாய். நாங்கள் நம்பினோம். நீயும் நம்பினாயா, இல்லை எங்களுக்காகச் சொன்னாயா? இதை நான் ஆறு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அதனால் இந்த முறை நான் விடவில்லை. நம்மூர் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போய் ஈசிஜி எடுத்தேன். அது நன்றாக இருந்துவிட்டது! அவ்வளவுதான், அம்மாவைப் பிடிக்க முடியவில்லை. அந்தக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "என் நெஞ்சு க்ளீனா கீது, பாத்துக்கோ" என்று தெரு முழுக்கக் காட்டினாள். கடைசியில் டாக்டர்தான் அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். "ஏம்மா, தறிய நிறுத்தி வெச்சிட்டுப் பாத்தா கோளாறு தெரியுமா? ஓடும்போதுதானே தெரியும்? நீங்க படுத்துகினு இருக்கும்போது எடுத்தது இது. நடக்க வெச்சுப் பாக்கணும். திருப்பதிக்குப் போங்க." தறிக்காரன் பெண்டாட்டி காகிதத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "பஸ்ஸு எத்தினி மணிக்கி?" என்று கேட்டாள்.

பஸ் புத்தூர் தாண்டும்போதுதான் உண்மை வெளியே வந்தது. "உங்க நைனாவும் நானும் நடந்தே மலை ஏறுறோம்னு வேண்டிக்கினோம். அவரு பூட்டாரு. நானாவது ஏறணும். வலிக்குதுன்னு சொன்னா நீங்க ஏற வுடுவீங்களா?" என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது.

ஆஸ்பத்திரியில் முதலில் எக்கோ எடுத்தார்கள். தன் நெஞ்சு போடுகிற சத்தத்தை மிஷினில் கேட்டதும், "அய்ய, நம்ம மூணாம் நம்பரு தறிடி!" என்றாள். அப்புறம் ட்ரெட்மில். நெஞ்சில் வயர்களை ஒட்டி, ஓடுகிற பட்டை மேல் நடக்கவிடுவார்கள். நேரம் ஆக ஆக வேகமும் கூடும், பட்டையும் மேடாகும். எங்கள் அம்மாவுக்கு இது போதாதா? செருப்பைக் கழற்றினாள். கையில் மடித்து வைத்திருந்த கோயில் குங்குமத்தை எடுத்து மிஷின் முனையில் ஒரு பொட்டு வைத்தாள். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மலையில் முதல் படிக்குச் செய்வதை அப்படியே செய்தாள். நர்ஸ் பெண் துணியை எடுத்துத் துடைக்க வந்தாள், அம்மா முகத்தைப் பார்த்துவிட்டுத் துணியைக் கீழே வைத்தாள். "நொப்பி வஸ்தே செப்பண்டி அம்மா" என்று மட்டும் சொன்னாள். வலி வந்தால் சொல்லுங்கள் என்று.

அம்மா நடந்தாள். பட்டை மேடானதும், "மலை வந்துச்சிடி!" என்று சிரித்தாள். "கோவிந்தா" என்றாள். இரண்டாவது கோவிந்தா பாதியில் நின்றது. கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள். இப்போதும் செடியைப் பார்க்கிறேன் என்று சொல்வாளோ என்று நான் பயந்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"வலிக்குதுடி" என்றாள்.

நைனா, நம் வீட்டில் அந்த வார்த்தையை வாயைத் திறந்து சொன்ன முதல் ஆள் அவள்தான். மிஷினை உடனே நிறுத்தினார்கள்.

மறுநாள் மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோகிராம் செய்தார்கள். இதயத்தின் முன்பக்க ரத்தக்குழாயில் ஒரே ஒரு அடைப்பு, முக்கால்வாசிக்கு மேல் மூடியிருந்தது. அப்போதே ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள், சின்னதாக ஒரு கம்பி வலை. நெஞ்சைப் பிளப்பார்கள் என்று பயந்திருந்தவள், மணிக்கட்டில் இருந்த கட்டைப் பார்த்து, "வளையலு போட்ற எடத்துலயேவா?" என்று கேட்டாள். அடுத்த கேள்வி, "மலைக்கு எப்போ?" சிரித்துவிட்டார் டாக்டர். மாத்திரையை ஒரு நாளும் விடக் கூடாது, நடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும், மறுபடி பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். புரட்டாசி சனிக்கிழமை விரதத்திலும் மாத்திரையை விடவில்லை அவள். பெருமாள் ஒன்றும் சொல்லமாட்டாராம்.

சில மாதம் கழித்து டாக்டர் சரி என்றார். போன வாரம் ஏறினோம்! இருபது படிக்கு ஒரு தரம் உட்கார்ந்து, மோர் குடித்து, வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் ஸ்டென்ட் கதை சொல்லி, எப்படியோ முழங்கால் முறிச்சான் என்கிற செங்குத்துப் படிகள் வரை வந்துவிட்டோம். அங்கே ஒருத்தி மூச்சு வாங்கி நின்றுவிட்டாள். அம்மா இல்லை, நான்தான்.

"இன்னாடி ஆச்சு?" என்றாள்.

"ஒண்ணும் இல்லம்மா, செடிய பாத்துகினு நிக்கிறேன்" என்றேன்.

அவள் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். பக்கத்தில் உட்காரவைத்து, அந்த நர்ஸ் பெண்ணின் குரலிலேயே, "நொப்பி வஸ்தே செப்பண்டி" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. வலி இல்லை, மூச்சுதான் என்றேன். உன் மகள் என்பதால் எனக்கும் பார்த்துவிடுவது நல்லது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். நான்தான் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டிருந்தேன்.

உன் பங்குக்கும் ஒரு படியில் குங்குமம் வைத்தாள். மேலே போய்ச் சேர்ந்தோம், வேண்டுதல் முடிந்தது நைனா.

வருகிற வியாழக்கிழமை அதே மிஷினில் நான் ஏறுகிறேன். நர்ஸ் பெண்ணுக்கு ஒரு லட்டும், எனக்காகக் கொஞ்சம் குங்குமமும் அம்மா இப்போதே பையில் எடுத்து வைத்துவிட்டாள். முடிவு எப்படி வந்தாலும் சரி, உனக்கு ஒரு சத்தியம் செய்கிறேன். இனிமேல் வலித்தால், வலிக்கிறது என்றே சொல்வேன்.

அன்றைக்கு உனக்குச் சோடா வாங்கி வர ஓடிய
உன் மூத்த மகள்