ஆதாரில் இல்லாத வயது

பாஞ்சாலைக்கு,

மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்கு போன் போட்டால் உன் மகனே பேசிவிட்டு வைத்துவிடுகிறான். அதனால்தான் கடிதம். நான் சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டு அப்ஸானா எழுதுகிறாள்.

வருகிற பௌர்ணமிக்குப் பர்வதமலை ஏறப் போகிறேன். செஞ்சியிலிருந்து நம் தெரு ஆட்கள் வேன் பேசிவிட்டார்கள். "எண்பத்திரண்டு வயசுல மலை இன்னாத்துக்கு நைனா? டென்ஷன் பண்ணாத" என்கிறான் மகன். ஆதாரில் அப்படித்தான் இருக்கிறதாம். முதியோர் பென்ஷனுக்காக நான்தான் பத்து வயதைக் கூட்டிச் சொன்னேன் என்பது உனக்குத் தெரியும். அவனிடம் சொல்லு. நீ சொல்லாவிட்டாலும் ஏறுவேன்.

கல்யாணமான வருஷம் ஏறினோமே, பாறையில் படிக்குப் பதிலாகக் கடப்பாரை அடித்திருந்த இடத்தைப் பார்த்ததும் ஏற மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாய். மஞ்சள் புடவை, கையில் பாதி தின்ற வெள்ளரிக்காய். "நீ போய்ட்டு வாய்யா, நா இங்கியே குந்திகினு இருக்கேன்" என்றாய். பொழுது சாய இறங்கி வந்தேன். அதே பாறைமேல்தான் இருந்தாய்.

டாக்டர் சொன்னதை மகன் சொன்னான். டாக்டர் கிடக்கட்டும். நான் மேலே போய் வேண்டிக்கொண்டு இறங்கி நேராக அங்கே வருகிறேன். அதுவரை அன்றைக்குப் போலவே குந்தியிரு. எங்கேயும் போய்விடாதே.

இப்படிக்கு,
எழுபத்திரண்டு வயதுக்காரன்