வேகமானியை மூடிய கை

அன்புள்ள அப்பாவுக்கு,

"பட்டம் வாங்கினவ வண்டி ஓட்டுறதா?" என்று நீங்கள் கேட்டதிலிருந்து நாம் பேசவில்லை. நம் தோட்டத்தில் நீங்கள் ஆப்பிள் பிஞ்சுகளைக் கிள்ளிக் குறைக்கும் வேலையில் இருக்கும் நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா சுகமா? நான் நலம்.

நேற்று ஷின்கான்சென் அதிவேக ரயிலுக்கான ஓட்டுநர் தேர்வு. ஓடும் ரயிலில் பயிற்சியாளர் ஒனிஷி வேகமானியைக் கையால் மூடிக்கொண்டு, "ஏம்மா சிஹாரு, இப்ப என்ன வேகம்?" என்றார். அந்த வேகத்தில் மழைத்துளி கண்ணாடியில் மேல்நோக்கி ஓடுகிறது. பெட்டிக்குள்ளோ கோப்பைத் தேநீர்கூடத் தளும்புவதில்லை. எவ்வளவு அழகான வண்டி, அப்பா! காலடி அதிர்வைக் கவனித்து, "எரநூத்தி அறுவத்தெட்டுங்க" என்றேன். கையை எடுத்தார். இருநூற்று எழுபது. "மிச்சம் ரெண்டு கிலோமீட்டரை எங்கம்மா தொலைச்சே?" என்று சிரித்தார். தேறிவிட்டேன்.

விடுதிச் சாப்பாட்டில் இனிப்பு அதிகம். அம்மா உப்பில் ஊறப்போட்ட முள்ளங்கி அனுப்புங்கள். தனியாகச் சாப்பிடுவதால் ஒரு ஜாடி நெடுநாள் வரும்.

மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்,
சிஹாரு

இன்னொன்று. பன்னிரண்டாம் தேதி காலை ஒன்பதரைக்கு, மொரியோகா நிலையத்திலிருந்து முதன்முறையாகப் பயணிகளோடு ஓட்டுகிறேன். நீங்கள் என்னிடம் பேச வேண்டியதில்லை. ஓட்டுநரிடம் யாரும் பேசக் கூடாது. முதல் பெட்டியில், என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வாருங்கள், அப்பா.