கிரீடத்துக்குக் கீழே மூன்று கோடுகள்

பாரிஸ், அக்டோபர் 1792

மரியாதைக்குரிய அப்பாவுக்கு மார்சியால் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? நான் சுகமாகத்தான் இருக்கிறேன்.

உப்புக்கும் வரி கட்டி, ரொட்டிக்கு வழியில்லாமல் கொதித்த ஜனங்கள் ராஜாவை இறக்கிவிட்ட சேதி அங்கேயும் எட்டியிருக்கும். இப்போது கட்டடங்களில் உள்ள கல் கிரீடங்களையெல்லாம் கொத்தி எடுக்கச் சொல்கிறார்கள். அதனால் கொத்தர்களுக்கு வேலை நிறைய. ரொட்டிக் கடை வரிசைதான் இன்னும் அப்படியே நிற்கிறது.

செவ்வாய்க்கிழமை ஒரு தானியக் கிடங்கின் வாசலில் சாரம் ஏறினேன். கிரீடத்தின் அடியில் மூன்று கோடும் ஒரு புள்ளியும் இருந்தன. நம் வீட்டு அடுப்புக்கல்லில் நீங்கள் போட்ட அதே கொத்தர் குறி. உளியை வைத்துவிட்டுத் தடவிப் பார்த்தேன்.

"என்னப்பா, ராஜாவே போயிட்டாரு, நீ கிரீடத்தைத் தடவிக்கிட்டு நிக்கிறே?" என்றார் மேஸ்திரி கபேர்.

"எங்கப்பா செதுக்கினது."

"நல்லா உறுதியா செஞ்சிருக்காரு. அரை நாள் வாங்கிரும் பாரு."

சாயங்காலம் வரை வாங்கியது. குறியை மட்டும் விட்டுவைத்தேன்.

என்னோடு அறையில் இருந்த ஒன்பது பேரும் எல்லைச் சண்டைக்குப் போய்விட்டார்கள். கவலைப்படாதீர்கள், படுக்க இடம் தாராளமாக இருக்கிறது. முடிந்தால் தின்னக் காயவைத்த கஷ்கொட்டைப் பருப்பு கொஞ்சமும் கம்பளிக் காலுறையும் கொடுத்தனுப்புங்கள்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் வண்டிக்காரர் அவசரப்படுத்துகிறார். இந்த ஊரில் வேறு எங்கெல்லாம் செதுக்கினீர்கள் என்று எழுதுங்கள். அங்கே கொத்தி எடுக்கும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொள்கிறேன். இங்கே எனக்குத் தெரிந்த கை உங்களுடையது ஒன்றுதான்.

உங்கள் மகன்
மார்சியால்