சாரலுக்கு எந்த ஆயில்?

எத்தனை சோப்புப் போட்டும் கையில் வாடை போகவில்லை. நம் டிராக்டரின் பழைய எஞ்சின் ஆயிலை இன்று காலை நானே வடித்தேன். உன்மேல் எப்போதும் இந்த வாடை வரும். கல்யாண வீட்டுப் பந்தியில்கூட உன்னைத் தள்ளி உட்காரச் சொல்லுவேன். இன்று அந்தக் கையோடுதான் சோறு சாப்பிட்டேன்.

வடித்தேனே தவிர, புதிதாக எதை ஊற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை. பாதி உன்னது, பாதி என்னது என்று வாங்கிய வண்டி. ஓட்டுவது நான், எஞ்சினைப் பார்ப்பது நீ. அப்படித்தானே பிரித்துக்கொண்டோம்?

குற்றாலத்தில் சாரல் தொடங்கினால் நமக்குள் சண்டையும் தொடங்கிவிடும். "கிழட்டு எஞ்சினுக்குக் கெட்டி ஆயில்தாம்லே. மெல்லிசா ஊத்துனா ஒழுகிப் போவும்" என்பேன்.

நீ விடமாட்டாய். "சாரக்காத்துல கெட்டி ஆயில் ஆறுன கஞ்சி மாதிரி கெடக்கும். அது மேல ஏறுததுக்குள்ள உள்ள தேஞ்சிரும்லே."

"தென்காசியில என்ன பனிக்கட்டியா பெய்யுது?" என்று சிரிப்பேன். கடைசியில் சாரலுக்கு மெல்லிசு, கோடைக்குக் கெட்டி என்று நீ நினைத்ததுதான் நடக்கும். ஈர விடியலிலும் வண்டி ஒரே சாவிக்குக் கிளம்பும். நான் வாயை மூடிக்கொண்டு ஏறி உட்காருவேன்.

போன வருஷம் மெல்லிசு ஊற்றியபோதுதான் வினை வந்தது. உழவுக்கு நடுவில் வண்டி நீலப்புகை கக்கியது. ஆயில் குறைந்துகொண்டே போனது. நீ வரப்பில் குத்தவைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "அடுத்த சாரலுக்கு யோசிக்கணும்லே" என்றாய். தை மாதம் நெஞ்சுவலி என்று படுத்தவன் எழுந்திருக்கவில்லை. யோசித்தாயா இல்லையா? யோசித்திருந்தால் என்ன முடிவு செய்தாய்?

கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டது. நாளை நம் முறை. விடியலில் தொளி அடித்து வயலைச் சேறாக்காவிட்டால் தண்ணீர் அடுத்தவர் வயலுக்குப் போய்விடும். கெட்டி ஆயில் ஊற்றி வண்டி கிளம்பாவிட்டால் இந்தப் பூ விளைச்சலே போச்சு. மெல்லிசு ஊற்றி எஞ்சின் தேய்ந்து இறுகிப் பிடித்துக்கொண்டால் வண்டியே போச்சு. உன் வீட்டில் அடுப்பு எரிவதும் இந்த வண்டி வாடகைக்கு ஓடுவதால்தான்.

கடைக்காரரிடம் கேட்டேன். "பழைய வண்டின்னா கெட்டி கொண்டு போங்க அண்ணாச்சி. சாரல் நேரம், மெல்லிசும் ஆவும்" என்று இரண்டு டப்பாவையும் எடுத்து முன்னால் வைத்தார். எஞ்சினைப் பிரிக்காமல் ஒன்றும் சொல்லமுடியாது என்று மெக்கானிக் கைவிரித்துவிட்டான். உன்னை எதிர்த்துப் பேசத்தான் எனக்குத் தெரியும், முடிவெடுக்கத் தெரியாது. எரிச்சல் எரிச்சலாக வந்தது, வேறு யார்மேல், உன்மேல்தான்.

கடையில் நின்றபடியே உன் மனைவிக்குப் போன் போட்டு, எந்த ஆயிலை ஊற்றட்டும் என்று கேட்டேன்.

"அவிய என்ன சொல்லிருப்பாவ அண்ணே?"

"மெல்லிசுன்னுதான் சொல்லுவான்."

"அப்ப அதையே ஊத்துங்க."

போன வருஷப் புகையை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மெல்லிசு டப்பாவையே வாங்கிவந்து சாயங்காலம் ஊற்றினேன். சாரல் காற்று சிலுசிலுவென்று அடித்தது. சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்பிவிட்டது. பார்க்க வந்திருந்த உன் மனைவி ஓரமாக நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எஞ்சின் சூடேற ஏற, ஆயில் அழுத்தம் காட்டும் முள் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. சூட்டில் வழக்கமாக இறங்குவதா, எஞ்சின் கெடுவதன் அறிகுறியா? நீ இருந்தால் பானட்டில் கையை வைத்து, காதைச் சாய்த்துக் கேட்டு, "ஓடட்டும்லே" என்றோ "நிறுத்துலே" என்றோ சொல்லியிருப்பாய். நானும் கையை வைத்தேன், காதைச் சாய்த்தேன். எனக்குச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

"நல்லாத்தான ஓடுது அண்ணே?" என்று கேட்டாள்.

"நல்லா ஓடுதும்மா" என்றேன். நாளை விடியலில் அந்த வார்த்தையையும் சுமந்துகொண்டுதான் வண்டியைச் சேற்றில் இறக்கவேண்டும்.