கொட்டு வேண்டாம், தேர் வேண்டாம்

பாளையம்பட்டி,
சித்திரை 12.

அன்பு மகன் மதன்குமாருக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நான், அப்பா, வெயில் மூவரும் நல்ல திடத்தோடு இருக்கிறோம், அங்கே டென்மார்க்கில் நீயும் சுவாதியும் உங்கள் ஊர்க் குளிரும் எப்படி என்று அறிய ஆசை. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே, அம்மா ஆரம்பிச்சிட்டியா, எனக்கு மீட்டிங் இருக்கு என்று வைத்துவிடுகிறாய், ஞாயிற்றுக்கிழமையும் மீட்டிங் வைக்கிற தேசமா அது. கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது, வைத்தாலும் மேஜையில் கிடந்து உன்னை முறைக்கும். முதலில் ஒன்று, எனக்கு உடம்புக்கு எதுவும் இல்லை. சுகர் நூற்று நாற்பதில் நிற்கிறது, முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் வேலை நிறுத்தம் செய்கிறது, மற்றபடி நாக்கு முதற்கொண்டு எல்லா உறுப்பும் நன்றாக ஓடுகிறது. ஐம்பத்தெட்டு வயதில் சாவைப் பற்றி என்ன பேச்சு என்று பதறாதே. இருபத்திரண்டு வருசமாக இன்சூரன்ஸ் ஏஜென்டாக வீடு வீடாகப் போய், அவர்கள் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே, ஒருவேளை நீங்க இல்லாமப் போயிட்டா என்று ஆரம்பித்தவள் நான். ஊரார் சாவைப் பேசிப் பேசி உன்னைப் படிக்க வைத்தேன், என் சாவைப் பேசினால் மட்டும் உன் அப்பா காதைப் பொத்திக்கொள்கிறார்.

விசயம் இதுதான். நான் கண்ணை மூடினால் கொட்டு, தேர், வேட்டு, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், பதினாறாம் நாள் சாப்பாடு எதுவும் கூடாது, ஐஸ்பெட்டி கூடவே கூடாது. வண்டியில் ஏற்றி நேரே டவுனு மின்மயானம், அரை நாளில் முடிந்துவிட வேண்டும். இந்தப் புத்தி எப்படி வந்தது என்று கேள். மாசி மாதம் எதிர்வீட்டுத் தவசி பெரியப்பா போனார் அல்லவா, அமெரிக்காவில் இருந்து அவர் மகன் நாகராஜ் வர வேண்டும் என்று மூன்று நாள் ஐஸ்பெட்டியில் வைத்திருந்தார்கள். இரண்டாம் நாள் பார்த்து மாதாந்திரக் கரண்டு நிறுத்தம். ஜெனரேட்டர் கொண்டு வந்தார்கள், அது போட்ட சத்தத்தில் தங்கள் அழுகை யாருக்கும் கேட்கவில்லை என்று பெண்கள் எழுந்து தெருமுனைக்குப் போய் அழுதார்கள். போஸ்டரில் பெரியப்பா முப்பது வயதில் எடுத்த போட்டோவைப் போட்டுவிட்டார்கள், பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் எல்லாம் யாரோ வாலிபன் போய்விட்டான் என்று உச்சுக்கொட்டினார்கள். நானும் முந்தானைக்குள் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், பாவிதான். பிறகு நாகராஜ் வந்து இறங்கினான். அவன் ஷூவைக் கழற்றுவதற்குள் ஒருவர் வேட்டியைச் சுற்றிவிட்டார், ஒருவர் மொட்டைக்கு உட்கார் என்றார், இன்னொருவர் தோளில் குடத்தை வைத்து இப்படிச் சுத்தாதே அப்படிச் சுத்து என்று அதட்டினார். அவன் சத்தமே இல்லாமல், அஞ்சு நிமிசம் அப்பா மொகத்தப் பாத்துக்கிறேனே என்று கேட்டான். நேரமாச்சுப்பா என்று தூக்கிவிட்டார்கள். மூன்று நாள் காத்துக் கிடந்த கூட்டத்துக்கு அந்த அஞ்சு நிமிசம் இல்லை. அதோடு எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. உன்னை அப்படி நிற்க வைக்க எனக்கு மனசில்லை மதன்.

இதை உன் அப்பாவிடம் சொன்னேன். மகன் சம்மதிக்காம நான் செய்ய மாட்டேன் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு நேரே டீக்கடைக்குப் போய்விட்டார். அவரிடம் ரகசியம் சொல்வதும் கோயில் மைக்கில் சொல்வதும் ஒன்றுதான், மைக்காவது சில நேரம் கரகரக்கும். சாயங்காலத்துக்குள் ஷேர் ஆட்டோ ஏறி எம்.ரெட்டியபட்டி வரைக்கும் செய்தி போய்விட்டது, அங்கே யார் இருக்கிறார் என்று உனக்குத் தெரியும், உன் வெள்ளத்துரை மாமா. ஏழு வருடம் முன்னால் உன் கல்யாணத்தில் மண்டப வாசலில் வைத்த பிளக்ஸில் தாய்மாமன் என்று அவர் போட்டோவைப் பெரிதாகத்தான் போட்டிருந்தோம், வாழைமரம் கட்டியவன் சரியாக அவர் முகத்துக்கு நேரே கட்டிவிட்டான். இந்தப் பக்கம் ஒரு காது, அந்தப் பக்கம் அரை மீசை, நடுவில் வாழைப்பூ. நான்தான் சொல்லிக் கட்ட வைத்தேன் என்று அன்றைக்கு வேட்டியை உதறியவர்தான், இனிமே தங்கலட்சுமி வாசல் மிதிக்கிறது அவ பொணமா கெடக்கிறப்பதான், கோடியோட வருவேன் என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். நம் பக்கத்து வழக்கம்தான் தெரியுமே, வருசக்கணக்காகப் பேசாத சொந்தமும் ஒரு சாவு என்றால் கேதத்துக்கு வந்துவிடும். பெண் செத்தால் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை மேலே விழுந்தால்தான் அவளுக்கு மரியாதை, கொண்டுவந்த அண்ணனுக்கும் மரியாதை. அவர் அந்த ஒரு நாளை நம்பித்தான் ஏழு வருசமாகக் கோபத்தைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார், நான் பாட்டுக்கு அந்த நாளையே ரத்துப் பண்ணிவிட்டேன்.

போன புதன்கிழமை காலை பத்து மணி இருக்கும், மாமா மொபெட்டில் வந்து இறங்கினார். மீசை முழுக்க வெள்ளையாகிவிட்டது, கேட்டுக்கு வெளியே நின்றார், உள்ளே ஒரு அடி வைக்கவில்லை. நான் வாசலில்தான் நிற்கிறேன், என்னைப் பார்க்காமல் உன் அப்பாவிடம் பேசுகிறார், கோடி வேணாம், குளிப்பாட்ட நீர்மாலை எடுக்க வேணாம்னு இந்தம்மா சொல்லுதாமே, எதுக்குன்னு கேட்டுச் சொல்லுங்க மாப்ளே என்று. அப்பா திரும்பி என்னிடம் எதுக்காம் என்றார். பிள்ளைக்கு அலைச்சல் வேண்டாம் என்று அப்பாவிடம் சொன்னேன், அவர் அதை இரண்டு அடி தள்ளி நின்ற மாமாவிடம் சொன்னார். இப்படிக் கொஞ்ச நேரம் தபால் ஓடியது. கடைசியில் மாமா நேராக என்னைப் பார்த்துவிட்டார். "கேதமும் இல்லேன்னா நான் எப்பத்தான் இந்த வீட்டுக்கு வாரது?" என்றார். உள்ள வாங்கண்ணே என்றேன். சொன்ன சொல்லு இருக்கில்ல, ஊரு சிரிக்கும் என்று அசையாமல் நின்றார். அந்த வெயிலில் அப்படியே நின்றால் அவருக்குத்தான் முதலில் கோடி எடுக்க வேண்டி வரும். அப்போதுதான் உன் அப்பா வாயைத் திறந்தார், முப்பத்து நாலு வருசக் குடித்தனத்தில் உருப்படியாக ஒன்று சொன்னார் என்றால் அன்றைக்குத்தான். "இவள வேணும்னா ஒரு பத்து நிமிசம் படுக்கச் சொல்லவா மச்சான், நீங்க வந்து பாத்துட்டுப் போங்க."

படுத்தேன் மதன். ஹாலில் பேனுக்குக் கீழே, தெற்கே தலை வைத்து, கையைக் கட்டிக்கொண்டு படுத்தேன். அப்பா உற்சாகம் தாங்காமல் நெற்றியில் வைக்க ஒரு ரூபாய்க் காசோடு வந்தார், தாடையைச் சேர்த்துக் கட்டுகிற நாடிக்கட்டுக்குத் துண்டு தேடவா என்றும் கேட்டார், அத்தனை ஆசை வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். மாமா உள்ளே வருகிற செருப்புச் சத்தம் வாசலோடு நின்றது, கழற்றிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். எனக்கு வயிற்றுக்குள் சிரிப்பு குலுங்குகிறது, மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறேன். அவர் ஒரு தடவை செருமிக்கொண்டார். பிறகு, "தங்கம், அந்த வாழமரத்த நீ கட்டச் சொல்லலேன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். எறங்கி வரத்தான் எனக்குத் தெரியல" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தார், பாவனை இல்லை, நிஜ அழுகை. என் சிரிப்பு எங்கே போனதென்றே தெரியவில்லை, மூடிய கண்ணில் இருந்து இரண்டு பக்கமும் காதுக்குள் தண்ணீர் ஓடுகிறது, பொணம் துடைத்துக்கொள்ள முடியுமா. இந்த நேரம் பார்த்துக் கறிவேப்பிலை கேட்டு எதிர்வீட்டு மாயக்காள் பெரியம்மா வந்துவிட்டார். நான் கிடக்கிற கிடையையும் அண்ணன் அழுகிற அழுகையையும் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை, அப்படியே தலையை விரித்து ஒப்பாரியை எடுத்துவிட்டார். அவருக்கு ஏதாவது ஆகிவிடப் போகிறதே என்று நான் எழுந்து உட்கார்ந்தேன். பயந்து விழுவார் என்று பார்த்தால் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, ஏண்டி, ரெண்டடி பாடிட்டேனே, அத இப்ப எங்கிட்டுக் கொண்டுபோய் வைக்கிறது என்று சண்டைக்கு வந்தார். மாமாவுக்கு அழுகையும் சிரிப்புமாகப் புரையேறிவிட்டது, தண்ணீர் கொடுத்தோம். அப்புறம் காபி, அப்புறம் மதியச் சாப்பாடு, சாப்பிட்டு நான் செத்துக் கிடந்த அதே இடத்தில் பாயைப் போட்டு ஒரு தூக்கமும் போட்டார்.

எழுந்து உட்கார்ந்து கமிசன் கடையில் பருத்திக்கு விலை பேசுகிற மாதிரி என் சாவுக்குப் பேரம் பேசினார். கொட்டு என்றார், இல்லை என்றேன். சங்காச்சும் என்றார், அதுவும் இல்லை. கடைசியில் ஒரு கோடிச் சேலையும், மயானத்துக்குப் போகிற வண்டியில் முன் சீட்டும் அவருக்கு என்று முடிந்தது. சேலை பட்டு வேண்டாம், பருத்திக் காட்டில் பிறந்தவளுக்குப் பருத்தி போதும், கலர் மட்டும் மயில்கழுத்தாக எடுங்கள் என்றேன். உசுரோட இருக்கவகிட்டக் கலர் கேட்டுக் கோடி எடுக்கிற ஊரு எங்க இருக்கு என்று திட்டினார், ஆனால் இரண்டு தடவை கேட்டு மனசில் வைத்துக்கொண்டார். நல்லவேளை, அவருக்கு என்னைவிட நாலு வயது கூட என்பதை யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

மற்றபடி இங்கே மழை இல்லை, போர்த் தண்ணீர் உப்புக் கரிக்கிறது, டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னதற்குப் பதிலாக அப்பா தண்ணீரைக் குறைத்துவிட்டார். நீ மூன்று நாள் குழம்பைப் பிரிட்ஜில் வைத்துத் தின்னாதே, சுவாதிக்கு முதுகுவலி என்றாயே, நல்லெண்ணெய் கிடைத்தால் சுட வைத்துத் தேய்த்துவிடு. நீ சமைக்கிறாய் என்று கேள்விப்பட்டேன், சந்தோசம், அப்பாவிடம் சொல்லவில்லை, பயந்துவிடுவார்.

எம்.ரெட்டியபட்டி சம்மதித்துவிட்டது, இனி பாக்கி நீ ஒருத்தன்தான். உன் கையெழுத்தில் சரி அம்மா என்று வந்தால்தான் அப்பா ஒப்புக்கொள்வாராம், அதை ஒரு தாளில் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்பு. நான் போன செய்தி வந்தால் நீ ஓடிவர வேண்டாம், அங்கேயே இருவரும் ஒரு வேளை நல்லபடியாகச் சாப்பிடுங்கள், எனக்கு அது போதும். அதற்கென்று மனசுக்குள் ஒரு லீவு ஒதுக்கி வைத்திருப்பாய், எனக்குத் தெரியும், மூன்று வருசமாக வராதவன் அதை மட்டும் பத்திரமாக வைத்திருப்பாய். அந்த லீவை இந்த வருசமே எடு. இருவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது நன்றாக இருங்கள், நம் காளியம்மா துணை இருப்பாள். மாமாவுக்கு மறக்காமல் ஒரு போன் போடு, உன் குரலைக் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு காத்திருக்கிறார். கேத வீட்டில் அடுப்பு எரியாது மதன், செத்தவளைப் பார்க்க வருகிறவனுக்குப் பச்சைத்தண்ணிதான் கிடைக்கும். நான் இருக்கும்போது வா, உலை வைக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா,
கா. தங்கலட்சுமி.